என் அப்பாவின் முழங்கால் பற்றி ஒரு நாடக இயக்குநருக்குத் திறந்த மடல்

ஐயா,

கூத்தாடியான என் அப்பாவின் ஆட்டத்தை உங்கள் நாடகத்தில் அவர் பெயர் சொல்லாமல் பயன்படுத்தியது பற்றி எழுதியிருந்தேன். போன வாரம் உங்கள் குழுவின் மேலாளர் எனக்கு அனுப்பிய பதில் நான்கே வரி. கூத்து மக்கள் கலை, பொதுச் சொத்து. அதில் தனி மனிதர் யாரும் உரிமை கோர முடியாது. நிகழ்ச்சிக் குறிப்பில் ‘கிராமியக் கலைஞர்களுக்கு’ நன்றி சொல்லியாகிவிட்டது. நான்காவது வரியில் வாழ்த்து. அதற்கு இரண்டு நாள் கழித்து உங்கள் குழுவின் அறிவிப்பு ஒன்றும் கண்ணில் பட்டது: கூத்தின் உடல்மொழி, மூன்று நாள் பயிலரங்கு, கட்டணம் 6,500 ரூபாய், முடிவில் சான்றிதழ். சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள், எங்கள் வீட்டுத் திண்ணையில் பன்னிரண்டு நாள் பாய் விரித்துப் படுத்திருந்த உங்கள் நடிகர்கள் இருவர்.

உங்கள் பெயரையும் குழுவின் பெயரையும் இங்கே எழுதவில்லை. வாசித்தால் உங்களுக்குத் தெரியும், அது போதும். பகலில் செய்யாறு பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் வாத்தியார் நான். பங்குனி முதல் ஆடி வரை இரவில் எங்கள் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், கட்டியக்காரன் வேஷம். ராஜாவுக்குக் கட்டியம் கூறுகிறவனுக்கு, அதே ராஜாவை அவர் முகத்துக்கு நேரே கேள்வி கேட்கவும் எங்கள் ஆட்டத்தில் அனுமதி உண்டு. இந்த மடலையும் அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் மார்கழியில் வந்தீர்கள். எங்களுக்கு அப்போது ஆட்டம் கிடையாது. வேஷக்காரர்கள் பாதிப் பேர் கரும்பு வெட்டப் போயிருந்தார்கள், சித்தப்பா பெயின்ட் அடிக்கப் போயிருந்தார். நீங்கள் கேட்டதற்காக எல்லோரும் வேலையை விட்டு வந்தார்கள். அம்மா பதினோரு பேருக்கு மூன்று வேளை சமைத்தார். அப்பா காலை ஆறு மணிக்கெல்லாம் களத்தில் நின்று அடவு சொல்லிக்கொடுத்தார். உங்கள் ஆட்கள் இரண்டு கேமரா வைத்து எல்லாவற்றையும் எடுத்தார்கள். ‘ஆவணப்படுத்தல்’ என்றீர்கள். கடைசி நாள் பொன்னாடை போர்த்தி, ஜமாவுக்கு 15,000 ரூபாய் கொடுத்தீர்கள். அதை நாங்கள் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டோம், பொய் சொல்லக் கூடாது. வண்டி கிளம்பும் நேரத்தில் ஒரு படிவம் நீட்டினீர்கள், இங்கிலீஷில் மூன்று பக்கம். அப்பா கையெழுத்துப் போட்டார். நான் அன்று பள்ளியில் இருந்தேன். நகல் தரப்படவில்லை. எடுத்த படத்தில் ஒரு நிமிஷம்கூட இன்றுவரை எங்களுக்கு வரவில்லை.

போன ஆவணியில் சென்னையில் உங்கள் நாடகம். தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அப்பாவைப் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு வந்தேன். டிக்கெட் ஆளுக்கு 500 ரூபாய், வாங்கித்தான் உள்ளே வந்தோம். அதில் குறையில்லை, கூத்து பார்க்க வருகிறவர்களும் தட்டில் காசு போடுகிறார்கள்.

துரியோதனன் வந்தான். இரண்டு பேர் திரை பிடிக்க, திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம், முதலில் கிரீடத்தின் நுனி, பிறகு தோள். அத்தனையும் எங்கள் களம். திரை விலகியதும் கிறுக்கி என்கிற சுழல் ஆட்டம் சுற்றினான் உங்கள் நடிகன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது சுற்றில் சட்டென்று நின்றான். வலது காலில் முழு பாரம், இடது கால் பெருவிரல் மட்டும் தரையில், உடம்பு அசையாமல் தோள் இரண்டு மட்டும் நடுங்க, தோளில் கட்டிய புஜக்கட்டையில் ஒட்டியிருந்த கண்ணாடிச் சில்லெல்லாம் விளக்கில் மின்னின. அரங்கம் கை தட்டியது. என் பக்கத்தில் அப்பாவின் இடது கை தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவருக்கே தெரியாமல் பிடித்திருக்க வேண்டும்.

அந்த நிறுத்தம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவேயில்லை. இப்போது சொல்கிறேன்.

1994 வைகாசி. வந்தவாசிப் பக்கம் ஒரு ஊரில் ஆட்டம். சாயந்திரம் மழை பெய்து களம் சேறாக இருந்தது, மேலே வைக்கோல் பரப்பியிருந்தார்கள். கட்டை, கிரீடம், மார்ப்பதக்கம் எல்லாம் ஏறிய உடம்போடு அப்பா கிறுக்கி சுற்றும்போது இடது கால் வைக்கோலுக்குள் சிக்கி முட்டி திரும்பிவிட்டது. விடியும்வரை ஆடி முடித்தார். மறுநாள் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். ஆனால் சீசன் நடுவில் துரியோதனனுக்கு ஏது லீவு? அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. பத்தே நாளில் மறுபடி வேஷம் கட்டினார். நாலாவது சுற்றுக்கு முட்டி இடம் கொடுக்கவில்லை. அதனால் மூன்றோடு நின்றார். இடது காலில் பாரம் கொடுக்க முடியாததால் விரலை மட்டும் ஊன்றினார். நின்றது தெரியக் கூடாதே என்று தோளை ஆட்டினார். சனம் விசில் அடித்தது. அடுத்த ஊர் நாட்டாண்மை தாம்பூலம் வைக்கும்போதே, ‘வாத்தியாரே, அந்த நிக்கிற நிப்பு வேணும்’ என்று கேட்டு வைத்தாராம். முட்டி ஆறிய பிறகும் அப்பா அதை விடவில்லை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் வேறு எந்த ஜமாவின் துரியோதனனும் அப்படி நிற்பதில்லை.

ஆக, உங்கள் மேலாளர் ‘பொதுச் சொத்து’ என்று சொன்னது ஒரு மனிதரின் கெட்டுப்போன முழங்கால். உங்கள் நாடகத்தைப் பாராட்டி வந்த ஒரு விமர்சனம் அந்த நிறுத்தத்தைத் தனியாகக் குறிப்பிட்டு, அதை உங்கள் கற்பனை வளத்துக்குச் சான்று என்றது. நீங்கள் அதைப் பகிர்ந்திருந்தீர்கள். திருத்தவில்லை.

நிகழ்ச்சிக் குறிப்பை இன்னும் வைத்திருக்கிறேன். கருத்துருவாக்கம், வடிவமைப்பு, அசைவமைப்பு மூன்றுக்கும் உங்கள் பெயர். ஒளி, ஒலி, உடை, சுவரொட்டி, புகைப்படம், எல்லாவற்றுக்கும் பெயர். ஒத்திகைக்கு மதிய உணவு அனுப்பிய ஓட்டலின் பெயரும் போட்டிருந்தீர்கள், அது நல்ல காரியம்தான். கடைசி வரியில் ‘நன்றி: கிராமியக் கலைஞர்கள்’. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு முறை படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது மேல்மருவத்தூர் தாண்டித்தான் வாய் திறந்தார். ‘பையன் நல்லாத்தான் ஆடுறான். ஆனா எதுக்கு அங்க நிக்கிறோம்னு அவனுக்குத் தெரில.’ அவ்வளவுதான் அவர் சொன்னது. கோபம் என்னுடையது, அவருடையது இல்லை. இந்த மடலும் அவர் எழுதச் சொன்னதில்லை.

எடுத்தது குற்றம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். எங்கள் பின்பாட்டுக்காரர் கையில் இருக்கும் ஆர்மோனியம் வெள்ளைக்காரன் தேசத்திலிருந்து கம்பெனி நாடகம் வழியாக வந்தது. எங்கள் திரௌபதி நைலக்ஸ் புடவை கட்டுகிறாள். கட்டியக்காரனாக நான் பாடும் பாட்டில் பாதி சினிமா மெட்டு. யாரிடம் கேட்டு எடுத்தோம்? தூய்மை பேசுகிற யோக்கியதை எந்தக் கூத்துக்காரனுக்கும் கிடையாது, அதுவே கூத்தின் அழகும்கூட. ஆனால் நான் சினிமா மெட்டைப் பாடுவதால் அந்த இசையமைப்பாளரின் பெயர் அழியப்போவதில்லை, அவருடைய வாய்ப்பு ஒன்றும் குறையப்போவதில்லை. நீங்கள் எங்களிடம் எடுக்கும்போது இரண்டும் நடக்கிறது. இந்தப் பயிலரங்குக்கு வருகிற பிள்ளைகள் நாளைக்குக் கூத்து கற்க எங்கள் ஊருக்கு ஏன் பஸ் ஏறப்போகிறார்கள்?

கூத்தைக் கற்றவர்களில் பெயர் சொல்லிக் கற்றவர்கள் இல்லாமல் இல்லை. நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானை வாத்தியாராகவே அழைத்துப்போனார். அந்தப் பெயர் இன்றைக்கு நாடகம் படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரிகிறது என்றால் அதற்கு முத்துசாமி எழுதியதும் பேசியதும் ஒரு காரணம். பிரான்சில் இயக்குநர் அரியான் முனுஷ்கினின் தியேத்ர் து சொலேய் நாடகக் குழு 2016இல் பாரிசில் போட்ட நாடகத்துக்கு, கண்ணப்பத் தம்பிரானின் மகன் சம்பந்தன் தம்பிரான் கூத்து கற்றுக்கொடுத்தார். பிரெஞ்சுக்காரர்களும் இன்னும் பல தேசத்து நடிகர்களும் நம் பாட்டைத் தமிழிலேயே பாடினார்கள். அடுத்த வருஷம் அது நியூயார்க்குக்கும் போனது. கலைமாமணிப் பட்டத்தோடு தம்பிரானின் முழுப் பெயரும் அந்த நாடகத்தின் பெயர்ப் பட்டியலில் இருக்கிறது. ஏழு கடல் தாண்டி இருப்பவர்களுக்கு வாயில் நுழைந்த பெயர் நூறு கிலோமீட்டரில் இருப்பவருக்கு ஏன் நுழையவில்லை?

பெயர் இல்லாமல் கைமாறியதற்கும் நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. கோயில்களில் தேவதாசிகள் ஆடிவந்த சதிர் 1930களில் பரதநாட்டியமாகி சபா மேடை ஏறியது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போல ஆட்டம் சொல்லிக்கொடுத்த நட்டுவனார்களின் பெயராவது நின்றது. தலைமுறை தலைமுறையாக அதை ஆடிக் காப்பாற்றிய பெண்களில் பாலசரஸ்வதி போல ஒரு சிலரைத் தவிர எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? 1947இல் சட்டம் வந்து கோயில் ஆட்டம் நின்றது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக் கட்டும் வழக்கம் ஒழிய வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. ஆனால் அந்த வீட்டுப் பெண்கள் ஆடினால் அவமானம், அதே அடவை வேறு வீட்டுப் பெண்கள் ஆடினால் பண்பாடு என்று ஆனது எப்படி? நீங்களே இதைப் பற்றி மேடையில் உருக்கமாகப் பேசிக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு விளக்குகிறேன்.

துகில் காட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஜமாவில் திரௌபதி கட்டுகிற சித்தப்பா அன்றைக்குப் பகலெல்லாம் விரதம். துச்சாதனன் புடவை மேல் கை வைப்பதற்கு முன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, சூடம் ஏற்றி, ‘தாயே, இது வயித்துப் பொழப்புக்குப் போட்ட வேஷம், மன்னிச்சுக்கோ’ என்று அம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிடுவான். உட்கார்ந்திருக்கும் பெண்கள் எழுந்து நிற்பார்கள். சிலருக்குச் சாமி வரும். இதைப் பன்னிரண்டு நாளில் இரண்டு முறை உங்களுக்காகச் செய்து காட்டினோம். உங்கள் நாடகத்தில் சூடத்தட்டு இருந்தது, புகை இருந்தது, மன்னிப்பு இல்லை. நாலு நிமிஷத்தில் காட்சி முடிந்து விளக்கு அணைந்தது. வெட்டக் கூடாது என்று சொல்லவில்லை, நாடகம் உங்களுடையது. ஏன் வெட்டினீர்கள் என்று சித்தப்பா கேட்டால் பதில் சொல்கிற கடமை உங்களுக்கு இருக்கிறது என்கிறேன். மகாபாரதத்தை ஒன்பது மணி நேர நாடகமாக்கிய ஆங்கிலேய இயக்குநர் பீட்டர் புரூக்கே இந்த மாதிரிக் கேள்வியிலிருந்து தப்பவில்லை. அது 1985இல் பிரான்சின் அவிஞ்ஞோனில் அரங்கேறிய பிறகு, கதையை அது வாழ்கிற இடத்திலிருந்து பிய்த்தெடுத்தார் என்று நாடக விமர்சகர் ரஸ்தம் பரூச்சா விடாமல் எழுதினார்.

சட்டத்தையும் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் ‘நிகழ்த்துநர்’ என்றால் யார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நடிகர், பாடகர், ஆட்டக்காரர் என்று போய், வித்தைக்காரர், பாம்பாட்டி வரை பெயர் சொல்லியிருக்கிறது. பாம்பாட்டிக்கு இருக்கிற உரிமை கூத்தாடிக்கு இல்லாமல் போகுமா? 38ஏ பிரிவின்படி நிகழ்த்துநரின் சம்மதம் இல்லாமல் அவர் ஆட்டத்தைப் பதிவு செய்யக் கூடாது. 2012 திருத்தத்தில் சேர்த்த 38பி, தன் ஆட்டத்துக்குத் தன் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்கும் உரிமையை அவருக்குக் கொடுக்கிறது. உங்கள் பயிலரங்கு அறிவிப்பில் ஓடுகிற பதினெட்டு வினாடி வீடியோவில் ஆடுவது என் அப்பா. அங்கேயும் பெயர் இல்லை. சம்மதம் வாங்கிவிட்டோம் என்று அந்த மூன்று பக்கத்தைக் காட்டுவீர்கள். படிக்கத் தெரியாத மொழியில், வண்டி உறுமிக்கொண்டு நிற்கும்போது வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று நீங்களே நம்புகிறீர்களா?

இன்னொன்று. ஆட்ட அமைப்பையும் அந்தச் சட்டம் படைப்பாக ஏற்கிறது. எழுத்திலோ வேறு வகையிலோ அது பதிவாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பாவின் துரியோதனனுக்கு முழுசாக இருக்கிற ஒரே பதிவு உங்கள் ஹார்டு டிஸ்கில் இருக்கிறது! இதை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

வழக்குக்கு வரச்சொல்லி இதை எழுதவில்லை. எங்களுக்குள் ஒரு கணக்கு முறை இருக்கிறது, அதைச் சொல்கிறேன். ஆட்டம் முடிந்து வேஷம் கலைத்ததும் அரிதாரம் முழுசாகப் போகாத முகத்தோடு கோயில் பின்னால் புளிய மரத்தடியில் உட்காருவோம். வண்டி வாடகை, சாப்பாட்டுச் செலவு போக மிச்சத்தைப் பங்கு போடுவோம். புஜக்கட்டை கட்டி ஆடும் கட்டை வேஷத்துக்கு ஒரு பங்கு, மத்தளத்துக்கு ஒரு பங்கு, முகவீணைக்கு ஒரு பங்கு, புதிதாக வந்த பையனுக்கு அரைப் பங்கு. திரை பிடிக்கிறவனுக்கும் கால் பங்கு உண்டு. சாமான் பெட்டிக்கும் ஒரு பங்கு வைப்போம், கட்டை உடைந்தால் புதிதாகச் செய்ய வேண்டுமே. வாத்தியார் ஆட்டத்துக்கு வராத நாளிலும், அவர் சொல்லிக்கொடுத்ததை ஆடினால் அவருக்கு வெற்றிலை பாக்கோடு எதையாவது வைப்போம். எழுதி வைத்த ஒப்பந்தம் எதுவும் கிடையாது. ஆனாலும் யார் பெயரும் விட்டுப்போகாது. விட்டுப்போனால் அங்கேயே சண்டை, அடுத்த ஆட்டத்துக்கு வேன் ஏறுவதற்குள் தீர்ந்துவிடும். நமக்குள் அது மூன்று வருஷமாகத் தீராமல் கிடக்கிறது.

உங்களால் கூத்துக்கு விளம்பரம் கிடைக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஜமா சீசனுக்கு நூறு ராத்திரிக்கு மேல் ஆடும். போன சீசனில் நாற்பத்திரண்டு. பல ஊரில் பத்து நாள் பாரதத்தை மூன்று நாளாக்கி, மிச்ச நாளுக்கு ஆர்க்கெஸ்ட்ரா வைக்கிறார்கள். உங்கள் நாடகம் பார்த்துவிட்டு எங்கள் ஆட்டம் தேடி வந்தவர் இதுவரை ஒருவர்கூட இல்லை. வர வழி? எந்த ஊர், எந்த வாத்தியார் என்று நீங்கள் சொன்னால்தானே.

இனி நான் கேட்பது. நாடகத்தின் சுவரொட்டி, நிகழ்ச்சிக் குறிப்பு, இணையப் பக்கம் எல்லாவற்றிலும் அடவும் துரியோதனன் வரவும் கற்றுக்கொடுத்தவர் என்று என் அப்பாவின் பெயரையும், ஜமாவின் பெயரையும், எங்கள் ஊர்ப் பெயரையும் போட வேண்டும். நன்றிப் பட்டியலில் வேண்டாம், உங்கள் பெயர் இருக்கிற இடத்தில். அந்த நிறுத்தத்தைப் பாராட்டிய விமர்சனத்தை எங்கே பகிர்ந்தீர்களோ அங்கேயே அது யாருடையது என்று ஒரு வரி எழுத வேண்டும்.

பயிலரங்கை இப்போதைக்கு நிறுத்துங்கள். நடத்தியே ஆக வேண்டுமென்றால் எங்கள் ஜமாவிலிருந்து இரண்டு பேரை ஆசிரியர்களாக அழையுங்கள். உங்கள் பயிற்றுநர்களுக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம், அதே வரிசையில் நாற்காலி. உங்கள் நடிகர்கள் இருவரும் உதவிக்கு நிற்கட்டும், அவர்கள் மேல் எங்களுக்கு வருத்தமில்லை. நல்ல பிள்ளைகள், அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர்கள்.

பன்னிரண்டு நாள் எடுத்த படம் முழுவதன் நகலும் எங்களுக்கு வேண்டும். பழைய படிவத்தைக் கிழித்துவிட்டுத் தமிழில் புதிதாக எழுதுவோம். எதற்குப் பயன்படுத்தலாம், எத்தனை நாளைக்கு, எதற்கு மறுபடி கேட்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். இதுவரை நடந்த காட்சிகளுக்கும் இனி நடக்கப்போகிறவற்றுக்கும் ஜமாவுக்கு ஒரு பங்கு. எவ்வளவு என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள், புளிய மரத்தடிக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு.

நாடகத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன் ஒரு ராத்திரி எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் களத்தில் போடுங்கள். மின்சாரமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. துகில் காட்சியின்போது சனம் என்ன செய்கிறது என்று பாருங்கள். முடிந்ததும் சித்தப்பா கேட்பார், பதில் சொல்லுங்கள்.

பங்குனியில் கொடி ஏறிவிடும். அதன் பிறகு அப்பா பகலெல்லாம் தூங்குவார். அதனால் மாசி முடிவதற்குள் வாருங்கள், சாயந்திரம் நாலு மணிக்கு மேல். மேலாளரை அனுப்ப வேண்டாம். அந்த நடிகப் பையனைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். எதற்கு அங்கே நிற்கிறோம் என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று அப்பா இரண்டு தடவை சொல்லிவிட்டார்.